ரெயில் வாங்குவதற்கு முன்

கீழக்கரை

அன்புள்ள அந்தோணி,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி குறைந்திருப்பது அறிந்து நிம்மதி. இங்கு எல்லோரும் நலம். கச்சான் காற்று தொடங்கிவிட்டதால் பட்டறைக் கதவைத் திறந்தால் மணலும் கூடவே உள்ளே வருகிறது. நான்கடிக்கு இரண்டடிப் பலகையைக் கணினி சொல்படி வெட்டும் சிஎன்சி இயந்திரத்தை நீயே கட்டப்போவதாகவும், அதன் நகரும் பாகங்கள் வழுக்கி ஓடும் எஃகுத் தண்டவாளமான ரெயிலின் விலையைப் பார்த்துத் தயங்குவதாகவும் எழுதியிருந்தாய்.

இரு முனைகளில் மட்டும் தாங்கி நிற்கும் உருண்டைத் தண்டுதான் மிக மலிவு. ஆனால் நீளம் இரு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். 12 மில்லிமீட்டர் தண்டுக்குப் பதில் 16 போட்டாலும் விறைப்பு மூன்று மடங்குதான் கூடும். நான்கடி நீளத்துக்கு அதை நினைக்கவே வேண்டாம். அடியில் அலுமினியத் தாங்கலுடன் வரும் எஸ்பிஆர் வகைத் தண்டு தொய்யாது என்றாலும், அதன் மேல் ஓடி நகரும் பாகத்தைச் சுமக்கும் கட்டையான பிளாக் அடிப்பக்கம் திறந்திருப்பதால், மேல்நோக்கி இழுக்கும் விசை வரும்போது பிடி தளரும். வெட்டும் கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டில் மரத்தில் இறங்கித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த விசை வரும்.

ஆகவே என் யோசனை, 15 மில்லிமீட்டர் அகலமுள்ள, சதுர வடிவ எச்ஜிஆர் 15 ரெயில். தைவானின் ஹைவின் நிறுவனம் வைத்த அந்த அளவுப் பெயரிலேயே, அதே துளை இடைவெளியுடன், பலர் மலிவாகச் செய்து விற்கிறார்கள். அதன் ஒரு பிளாக்கே ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும் என்று அட்டவணை சொல்லும். ஸ்பிண்டிலைச் சுமந்து ரெயில்மேல் நகரும் உன் கேன்ட்ரிச் சட்டத்தின் எடை அதில் ஒரு மூலைக்கும் காணாது. எனவே சுமைக்குப் பயந்து 20 மில்லிமீட்டர் ரெயிலுக்குப் போகாதே. ஒவ்வொரு ரெயிலிலும் இரண்டு பிளாக்குகளை முடிந்தவரை தள்ளி வைப்பதுதான் ஆட்டத்தைக் குறைக்கும். அந்த இடைவெளியையும் வெட்டும் நீளத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும்: 1220 மில்லிமீட்டர் வெட்ட வேண்டுமானால் ரெயில் 1500 மில்லிமீட்டராவது இருக்கட்டும்.

பழைய இயந்திரத்திலிருந்து கழற்றிய ரெயில் கிடைத்தால் விட்டுவிடாதே. பிளாக்கினுள் இருக்கும் சிறு எஃகுக் குண்டுகள் ஓடும் ரெயில் பள்ளத்தில் நகத்தை ஓட்டிப் பார்; எங்காவது தட்டினால் துருக்குழி என்று அறிந்து திருப்பிக் கொடுத்துவிடு. பிளாக்கைக் கழற்றும்போது அதனுடன் வரும் பிளாஸ்டிக் துண்டை ரெயில் முனையோடு சேர்த்துப் பிடித்து, அதன் மேல் நகர்த்து. இல்லாவிட்டால் குண்டுகள் தரையில் உருண்டோடும்.

ரெயிலில் மிச்சமாகும் பணத்தை அது உட்காரும் தளத்துக்குச் செலவிடு. வளைந்த இரும்புச் சட்டத்தில் அசல் ஜப்பான் ரெயிலைத் திருகி மாட்டினாலும் அதுவும் சட்டத்தோடு சேர்ந்து வளையும். பற்றவைத்த சட்டம் கட்டாயம் கோணும் என்பதால், மேல்தளத்தில் மெதுவாக இறுகும் எபாக்சி ரெசினை ஊற்றி மட்டமாக்கு. உங்கள் ஊரில் ஃபைபர் படகுக்கு ஊற்றும் பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது சுருங்கும், அது இதற்கு ஆகாது. முதல் ரெயிலின் பக்கவாட்டு நேரைப் பார்க்க, தூண்டிலுக்குக் கட்டும் நல்ல தங்கூசி நரம்பை இறுக இழுத்துக் கட்டி, நெடுகிலும் இடைவெளியை அளந்தால் போதும். இரண்டாவது ரெயிலின் திருகுகளைத் தளர்வாக விட்டு, கேன்ட்ரியை முனைக்கு முனை தள்ளி, அது நிற்கும் இடத்துத் திருகை மட்டும் இறுக்கிக்கொண்டே போ. எங்காவது கை கனத்தால் அங்கே மீண்டும் தளர்த்து.

உப்புக்காற்றைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை நீ தினமும் பார்த்து வளர்ந்தவன். ரெயில்கள் பெரும்பாலும் துருப்பிடிக்கும் எஃகுதான். துருப்பிடிக்காத எஃகு உன் செலவுக்குள் அடங்காது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் துடைத்து, மரத்தூள் ஏறாதபடி மேலே மூடி போட்டுவிடு. திருகுக் குழிகளுக்கு வரும் சிறு பிளாஸ்டிக் மூடிகளைப் பலர் தூக்கி எறிகிறார்கள். அவற்றை ரெயில் மட்டத்துக்குச் சரியாகத் தட்டி இறக்கு. குழியில் தூளும் ஈரமும் சேர்ந்தால் துரு அங்கேதான் பிடிக்கும். பிளாக்கின் ரப்பர் முனையும் அதில் உரசிக் கிழியும்.

எதையும் வாங்குவதற்கு முன் சட்டத்தின் வரைபடத்தை அனுப்பு. ஸ்பிண்டில் எவ்வளவு உயரத்தில் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு, பிளாக்குகளின் இடைவெளியைக் கணக்கிட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
கருணாகரன்