வெந்நீர் வாளி சுமந்தவர்களுக்கு

அன்புடையீர், வணக்கம்.

என் குதிரை மின்னல் பிழைத்துக்கொண்டாள். இதை எழுதும் இந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே, முதுகு நிறையப் பனியோடு நின்று புல் மென்றுகொண்டிருக்கிறாள். 22 வயதுக் கிழவிக்கு மின்னல் என்ற பெயர் வேடிக்கைதான். வைத்த நாளில் பொருத்தமாக இருந்தது.

உங்களில் பலருக்கு நேரிலேயே நன்றி சொன்னேன். ஆனால் அன்றிரவு இருந்த பதற்றத்தில் யாரிடம் என்ன பேசினேன் என்றே நினைவில்லை. ஒருவரிடம் கத்தியிருக்கிறேன் என்று பிறகுதான் தெரிந்தது. அதனால் இந்த மடல்.

தப்பு என்னுடையது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிர் இறங்கியதும் எனக்கு என்ன வேண்டும் என்று தோன்றியதோ அதையெல்லாம் அவளுக்கும் செய்தேன். லாயத்தின் கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் இழுத்து அடைத்தேன். கனத்த போர்வையைப் போர்த்தி வாரைக் கட்டினேன். தானியத்தைக் கூட்டினேன், புல்லைக் கூட்டவில்லை. தண்ணீர்த் தொட்டியில் காலையில் ஐஸைத் தட்டி உடைத்துவிட்டு, வேலை முடிந்தது என்று உள்ளே போய்விடுவேன். அவள் குடிக்கிறாளா என்று நின்று பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் லாயத்தில் லத்தி அதிகம் இல்லை. கிடந்த நான்கைந்து உருண்டைகளும் சிறுத்து, காய்ந்து, மேலே சளி படிந்தது போல் பளபளத்தன. முன்னங்காலால் தரையைக் கிளறினாள். திரும்பித் திரும்பித் தன் விலாவைப் பார்த்தாள். படுத்தாள், எழுந்தாள், மறுபடி படுத்தாள்.

டாக்டர் அம்மா, போனில் உங்கள் குரல் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. தீவனத்தை எல்லாம் எடுத்துவிடச் சொன்னீர்கள். தாடைக்குக் கீழே விரலை வைத்து நாடியை எண்ணச் சொன்னீர்கள். நிமிடத்துக்கு 56. சும்மா நிற்கும் குதிரைக்கு 28-லிருந்து 44-க்குள் இருக்க வேண்டியது. பனிப் பாதையில் எத்தனை சிரமப்பட்டு வந்தீர்களோ, வந்ததும் கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டு விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தீர்கள். குடல் ஓடும் சத்தம் மிகக் குறைவாக இருந்தது. தோள் வரை கையுறை மாட்டி உள்ளே தடவிப் பார்த்து, பெருங்குடல் குறுகி மடங்கும் இடத்தில் தீவனம் கெட்டியாக அடைத்திருக்கிறது என்றீர்கள். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாயை இறக்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது, அதனால் வயிற்றில் ஏதாவது தேங்கியிருக்கிறதா என்று முதலில் பார்த்தாக வேண்டும் என்று எனக்கு விளக்கிக்கொண்டே செய்தீர்கள். அப்புறம்தான் வெதுவெதுப்பான தண்ணீரும் எண்ணெயும் உள்ளே போயின.

"குளிர் இதைச் செய்யவில்லை, தாகம்தான் செய்தது" என்றீர்கள். சுமார் 500 கிலோ எடையுள்ள குதிரை ஒரு நாளைக்கு 25 லிட்டருக்குக் குறையாமல் குடிக்க வேண்டும். தண்ணீர் உறையும் குளிரில் இருந்தால் பல குதிரைகள் குறைவாகவே குடிக்கும். பச்சைப் புல்லில் பாதிக்கு மேல் தண்ணீரே இருக்கும், காய்ந்த புல்லில் அது கிடையாது. வாயும் வறண்டு, தொட்டியும் உறைந்தால் குடல் என்ன செய்யும்?

அன்றிரவு விடிய விடிய முறை வைத்துக்கொண்டு அவளைப் பத்துப் பத்து நிமிடம் நடத்திய அண்ணனுக்கும் அக்காவுக்கும் நன்றி. "அமைதியாகப் படுத்திருந்தால் விட்டுவிடு, புரண்டால் மட்டும் எழுப்பு" என்று அண்ணன் சொன்னதற்குத்தான் நான் கத்தினேனாம். மன்னித்துக்கொள்ளுங்கள் அண்ணா. நீங்கள் சொன்னதையே டாக்டரும் சொன்னார்.

விடியற்காலை நாலரை மணிக்கு லத்தி போட்டாள். மூன்று பேர் டார்ச் அடித்து, குனிந்து நின்று அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்த காட்சியை வெளியாள் யாராவது பார்த்திருந்தால் என்ன நினைத்திருப்பார்களோ.

அடுத்த நாள் காலையில் பெரியம்மா வந்தார். நாற்பது வருஷம் குதிரை வளர்த்தவர். உள்ளே நுழைந்ததும் என்னிடம் ஒன்றும் பேசவில்லை. ஒவ்வொரு ஜன்னலாகத் திறந்தார். "குனி" என்றார். குனிந்தேன். வைக்கோலுக்கு ஒரு சாண் உயரத்தில் மூத்திர நெடி கண்ணை எரித்தது. "இவள் தலையைக் கீழே வைத்துத்தானே தின்கிறாள்? குளிர் இவளை ஒன்றும் செய்யாது, இந்த நெடி நுரையீரலைத் தின்றுவிடும்." அப்புறம் என் கையைப் பிடித்துப் போர்வைக்குள் விட்டார். ஈரம். பகலில் வெயில் வந்தபோது உள்ளே வியர்த்து, ராத்திரி அதே ஈரத்தோடு நின்றிருக்கிறாள். நல்ல குளிர்கால ரோமம் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். காய்ந்திருந்து காற்றும் படாமல் இருந்தால் பூஜ்ஜியத்துக்கு எட்டு டிகிரி கீழே வரை ஒரு நல்ல குதிரை கவலைப்படாது. ஈரமாகிவிட்டால் அதைவிடக் குறைந்த குளிரிலேயே நடுங்க ஆரம்பித்துவிடும். போர்வையை நான்தான் குறை சொல்கிறேன், பெரியம்மா சொல்லவில்லை. கிழட்டுக் குதிரைக்கும் இளைத்த குதிரைக்கும் அது வேண்டும், ஆனால் தினமும் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றார். கழற்றினோம். ரோமத்துக்கு அடியில் விரலால் தடவியபோதுதான் விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. கண்ணுக்குக் கொழுகொழுவென்று தெரிந்ததெல்லாம் வெறும் முடி.

குதிரைக்கு அடுப்பு வயிற்றில்தான் இருக்கிறது, அதற்கு விறகு புல், தானியம் இல்லை என்பதையும் பெரியம்மாவிடம்தான் கற்றேன். நார் குடலில் நொதிக்கும்போது வருகிற சூடுதான் ராத்திரி முழுக்க உடம்பைத் தாங்குகிறது. குடல் சரியானதும் டாக்டர் சொன்ன கணக்கில் நனைத்த புல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கத் தொடங்கி, இப்போது ராத்திரி கடைசி வேளைக்கு அதிகமாகப் போடுகிறேன். கூடவே அளந்து உப்பு, அது தாகத்தைத் தூண்டும்.

லாடம் அடிக்கும் ஐயாவுக்கு ஒரு வார்த்தை. கூப்பிடாமலே வந்தீர்கள். இரும்பு லாடத்துக்குள் பனி அடைந்து, உருண்டு கெட்டிப்பட்டு, மின்னல் கட்டையின் மேல் நிற்பதுபோல் தள்ளாடிக்கொண்டிருந்தாள். சவாரி இல்லாத கிழவிக்கு இந்தக் குளிரில் லாடம் எதற்கு என்று நான்கையும் கழற்றிவிட்டுப் போனீர்கள். வெறும் குளம்பில் பனி அவ்வளவாக ஒட்டுவதில்லை. ஒட்டினால் குத்தி எடுக்கிறேன், காலையும் மாலையும்.

கடைசியாக, பக்கத்து வீட்டுத் தம்பிகள் இரண்டு பேர். குழாய் உறைந்துபோன அந்த நான்கு நாளும் அடுப்பில் சுடவைத்த தண்ணீரை வீட்டிலிருந்து வாளி வாளியாகச் சுமந்து வந்து, தொட்டியில் ஊற்றி, கையை விட்டுப் பார்த்து, "அக்கா, சூடு சரியா?" என்று கேட்டீர்களே. முதல் தடவை அவள் மூக்கை முக்கி உறிஞ்சிய சத்தம், காதுகள் ஒவ்வொரு மிடறுக்கும் முன்னும் பின்னும் ஆடிய அழகு, அவள் குடித்து முடிக்கும்வரை நாம் மூவரும் மூச்சுவிடாமல் நின்றது... உங்கள் அம்மாவிடம் சொல்லிவிட்டேன், பரீட்சைக்குப் படிக்காமல் போனதற்கு நான்தான் காரணம் என்று.

கைப்பிடி உடைந்து கயிறு கட்டிய நீல வாளி ஒன்று என் லாயத்தில் இருக்கிறது. யாருடையது என்று கேட்டால் எல்லாரும் தங்களுடையது இல்லை என்கிறீர்கள். உரியவர் வந்து எடுத்துக்கொள்ளலாம். ஆனால் குளிர் முடிந்தபிறகு வாருங்கள், மின்னல் இப்போது அதில்தான் குடிக்கிறாள்.