கோடு பொருந்தினால் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

விண்வெளியில் புதிய மூலக்கூறு என்று செய்தி வரும்போதெல்லாம் 'கணினிக் கணக்கீடு உறுதி செய்தது' என்று எழுதிவிடுகிறார்கள். சுழலும் மூலக்கூறு தனக்கே உரிய அலைவெண்களில் ரேடியோ அலைகளை வெளியிடும்; அவைதான் நிறமாலையில் கோடுகளாகத் தெரிகின்றன. அந்தக் கோடுகளை எங்கே தேட வேண்டும் என்பதைத்தான் கணினியால் காட்ட முடியும்.

குவாண்டம் வேதியியல் கணக்கில் கிடைக்கும் சுழற்சி மாறிலிகளில் (கோடுகளின் அலைவெண்ணைத் தீர்மானிக்கும் எண்களில்) 0.1 சதவீதப் பிழை என்றால் அது நல்ல கணக்கு. ஆனால் 100 கிகாஹெர்ட்ஸில் அதுவே 100 மெகாஹெர்ட்ஸ் விலகல். டிஎம்சி-1 போன்ற குளிர்ந்த விண்வெளி வாயு முகிலில் ஒரு கோட்டின் அகலமோ சுமார் 0.2 மெகாஹெர்ட்ஸ்தான்! அவ்வளவு பெரிய இடைவெளியில் எந்தக் கோட்டையும் 'இதுதான்' என்று சொல்லிவிடலாம். எனவே ஆய்வகத்தில் நுண்ணலை நிறமாலையை அளந்து, மாறிலிகளைத் திருத்திய பிறகே தொலைநோக்கித் தரவோடு ஒப்பிட வேண்டும்.

பென்சீனுக்கு இருமுனைத் திருப்புத்திறன் (மூலக்கூறில் மின்னூட்டம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும் அளவு) இல்லை, சுழற்சிக் கோடே வராது. அதனால் பென்சீனுடன் நைட்ரைல் (CN) தொகுதி சேர்ந்த பென்சோநைட்ரைலைத் தேடி, 2018-இல் அந்த முகிலிலேயே கண்டார்கள். ஆனால் 2003-இல் விண்வெளியில் கண்டதாக அறிவிக்கப்பட்ட கிளைசின் என்ற அமினோ அமிலம் உறுதிப்படவில்லை. மறு ஆய்வில், வந்தே ஆக வேண்டிய முக்கியக் கோடுகள் சில காணப்படவில்லை. பத்துக் கோடுகள் பொருந்தினாலும், வலுவான ஒரு கோடு வராவிட்டால் சந்தேகப்படத்தான் வேண்டும்.

இத்தகைய செய்திகளில் எத்தனை கோடுகள், எந்த அலைவெண் எல்லை, ஆய்வக அளவீடு உண்டா என்ற மூன்றையும் சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
நிறமாலையியல் வாசகர்கள்