ஹாங்காங் போகிறவர்கள் துறைமுகத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஹாங்காங் சுற்றுலா பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். மூன்று நாள் போதும், ஒரு நாள் டிஸ்னிலேண்ட், ஒரு நாள் ஷாப்பிங், ஒரு நாள் பக்கத்து ஊரான மக்காவ் என்று முடித்துவிட்டார்கள். அந்த ஊரே ஒரு துறைமுகத்தைச் சுற்றி எழுந்தது, அந்தத் துறைமுகத்துக்கு ஒரே ஒரு வரி. மனசு கேட்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன். தீபாவளி லீவுக்கு எங்கே போகலாம் என்று திருப்பூரில் பல வீடுகளில் இப்போது பேச்சு ஓடிக்கொண்டிருக்கும், அவர்களுக்காவது உதவட்டும்.

நான் ஒரு பனியன் கம்பெனியில் 22 வருசமாக ஷிப்பிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்களுக்கு ஆர்டர் தரும் பையிங் ஆபீஸ் ஹாங்காங்கில் இருப்பதால் அந்த ஊர்ப் பெயரை எத்தனை பேப்பரில் டைப் அடித்திருப்பேன் என்று கணக்கே கிடையாது. நம்முடையது கடலே இல்லாத சீமை. பெட்டிகளை லாரியில் ஏற்றித் தூத்துக்குடிக்கு அனுப்பிவிட்டால் நம் வேலை முடிந்தது, அதற்கப்புறம் அது எந்தக் கப்பலில் ஏறுகிறது, எந்தக் கரையில் இறங்குகிறது என்று நாம் பார்ப்பதே இல்லை. எனக்கு அதைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

முதல் தடவை 2018-ல் ஒரு டிராவல்ஸ் மூலமாகப் போனோம். விசா செலவு என்று தலைக்கு 3,500 ரூபாய் வாங்கினார்கள். நாலு பேருக்கு 14,000. ஊருக்குத் திரும்பிய பிறகுதான் தெரிந்தது, இந்தியர்களுக்கு அங்கே 14 நாள் வரை தங்க விசாவே வேண்டியதில்லை. 2017 ஜனவரியிலிருந்து, கிளம்புவதற்கு முன்னால் நம் விவரங்களைக் கொடுத்து ஒரு முன்பதிவு மட்டும் செய்ய வேண்டும், ஹாங்காங் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நாமே செய்துகொள்ளலாம், ஒரு பைசா கட்டணம் இல்லை. பெரும்பாலும் உடனே பதில் வந்துவிடும், அதை வெள்ளைத்தாளில் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுபோனால் சரி. ஆறு மாதத்துக்குச் செல்லும், நடுவில் மக்காவ் போய்த் திரும்பி வந்தாலும் அதே தாள்தான். ஒன்றே ஒன்று, இன்ஷியலை முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்று நம் ஆட்களுக்கு எப்போதும் ஒரு குழப்பம் உண்டு. பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ ஓர் எழுத்துகூட மாறாமல் அப்படியே நிரப்புங்கள். அங்கே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்த மாட்டார்கள், சின்னதாக ஒரு சீட்டுத் தருவார்கள், அதையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பணம்கூடப் போகட்டும். அந்தப் பயணத்தில் துறைமுகத்தை நான் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக மட்டுமே. நகைக் கடையில் ரெண்டு மணி நேரம், சாக்லேட் கடையில் ஒரு மணி நேரம், ஆனால் தண்ணீர் ஓரத்தில் போட்டோ எடுக்கப் பத்து நிமிசம். அதைத்தான் என்னால் இன்னும் ஆற்றிக்கொள்ள முடியவில்லை.

போன வருசம் தீபாவளி லீவில் நானே திட்டம் போட்டு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மாவுக்கு 68 வயசு, கோபிப் பக்கம் வாய்க்காலையும் பவானி ஆற்றையும் பார்த்தே வளர்ந்தவர். ஏர்போர்ட்டிலிருந்து ரயிலில் போனால் 24 நிமிசத்தில் ஊருக்குள் போய்விடலாம், ஆனால் நாங்கள் வேண்டுமென்றே ஏ21 மாடி பஸ்ஸில் மேலே முன் சீட்டில் உட்கார்ந்தோம். சிங் மா பாலத்தைத் தாண்டினதும் குவாய் சுங் துறைமுகம் தெரிந்தது, கலர் கலராகக் கன்டெய்னர்கள், அடுக்கு அடுக்காக, கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும். எனக்குப் பேச்சே வரவில்லை. 22 வருசமாக நம்பராகவே பார்த்த பெட்டிகள் அல்லவா!

மறுநாள் காலையில் ஸ்டார் ஃபெர்ரி. சிம் ஷா சூயிலிருந்து எதிர்க்கரையில் இருக்கும் சென்ட்ரலுக்குப் பத்து நிமிசத்துக்குள் போய்விடுகிற பச்சை வெள்ளைப் படகு. மரச் சீட்டின் சாய்மானத்தை நாம் போகிற பக்கத்துக்கு ஏற்ற மாதிரி தள்ளித் திருப்பிக்கொள்ளலாம். 1888-ல் இதைத் தொடங்கியவர் தொராப்ஜி நவ்ரோஜி மிட்டாய்வாலா என்ற பார்சிக்காரர், இந்தியாவிலிருந்து பிழைக்கப் போனவர். இறங்கினதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இன்னொருக்கா போலாமா கண்ணு?" என்றார். அன்றைக்கு மட்டும் நாலு தடவை போய் வந்தோம். டிக்கெட் சில ஹாங்காங் டாலர்கள்தான், ஆக்டோபஸ் கார்டு ஒன்று வாங்கிக்கொண்டால் படகு, டிராம், பஸ், மெட்ரோ, பெட்டிக்கடை எல்லாவற்றுக்கும் அதையே தட்டலாம். சாயங்காலம் எட்டு மணிக்கு எதிர்க்கரைக் கட்டடங்களில் விளக்குக் காட்சி நடக்கும், கரையோரத்தில் சும்மா நின்றே பார்க்கலாம், அதற்கென்று தனிப் படகு புக் பண்ணத் தேவையில்லை.

இன்னொரு நாள் சென்ட்ரலிலிருந்து சியுங் சாவ் தீவுக்கு மெதுவாகப் போகிற படகில் போனோம், ஒரு மணி நேரம். வழியில் நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களைக் கிட்டத்தில் பார்க்கலாம். தீவில் கார் கிடையாது, மீன் காயவைக்கிற சந்துகளில் காலாற நடந்து வரலாம். 1904-லிருந்து டிராம் ஓடுகிற ஊர் அது, மாடி டிராமிலும் ஒரு முழுச் சுற்றுப் போங்கள். பின்னால் ஏறி முன்னால் இறங்க வேண்டும், காசு இறங்கும்போதுதான். மலை உச்சிக்குப் போகிற பீக் டிராமில் கூட்டம் முட்டினால் 15-ஆம் நம்பர் பஸ்ஸும் அதே உச்சிக்குத்தான் போகிறது, போகிற வழியும் அழகு. வயசானவர்களைக் கூட்டிப்போகிறவர்களுக்கு ஒரு சேதி: சென்ட்ரலில் மலைச் சரிவில் 800 மீட்டர் நீளத்துக்கு நகரும் படிக்கட்டு இருக்கிறது, காலை பத்து மணி வரை கீழே இறங்கும், அப்புறம் மேலே ஏறும், நேரம் பார்த்துப் போனால் முட்டி வலி இல்லாமல் சுற்றலாம். லந்தாவ் தீவில் பெரிய புத்தருக்கு 268 படி. சென்னிமலையில் 1,320 படி ஏறுகிறவர்களுக்கு அது ஒன்றுமே இல்லை, அம்மா நின்று நின்று ஏறிவிட்டார்.

சாப்பாடுதான் எல்லோரும் பயப்படுகிற விசயம். அம்மா சுத்த சைவம். வெறும் கீரைதானே என்று வாங்கிவிடாதீர்கள், சிப்பி சாஸ் ஊற்றியிருப்பார்கள், பன்றிக் கொழுப்பில் வதக்கியிருப்பதும் உண்டு. "ஜாய்" என்று கேளுங்கள், பௌத்த சைவச் சாப்பாட்டுக்கு அங்கே அதுதான் பெயர். புத்தர் சிலைக்குப் பக்கத்திலேயே போ லின் மடத்தில் சைவச் சாப்பாடு கிடைக்கும். நேதன் ரோட்டில் சுங்கிங் மேன்ஷன்ஸ் கட்டடத்துக்குள் நம் நாட்டு ஓட்டல்கள் இருக்கின்றன. நாங்கள் பருப்புப்பொடியும் கொள்ளுப்பொடியும் கொண்டுபோயிருந்தோம், ஒரு பாக்கெட் சோறு வாங்கினால் ராத்திரிக்கு அதுவே போதுமாக இருந்தது. ரூம் மட்டும் ரொம்பச் சின்னது, பெட்டியைத் திறந்து வைத்தால் நடக்க இடம் இருக்காது, எத்தனை சதுர அடி என்று பார்த்தே புக் பண்ணுங்கள்.

எப்போது போவது என்பதை உங்கள் கட்டுரை சொல்லவே இல்லை. நம் பிள்ளைகளின் மே மாத லீவில் போனால் புழுக்கமும் மழையும், அதைத் தாண்டி செப்டம்பர் வரைக்கும் புயல் பயம். எட்டாம் நம்பர் எச்சரிக்கை ஏற்றிவிட்டால் படகும் டிராமும் நின்றுவிடும், கடைகளை அடைத்துவிடுவார்கள், ரூமிலேயே முடங்க வேண்டியதுதான். ஆயுதபூஜை லீவிலும் ஒரு சிக்கல், அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய விடுமுறை என்பதால் கூட்டமும் வாடகையும் ஏறியிருக்கும். தீபாவளிக்குத் திருப்பூர் கம்பெனிகள் அடைக்கிற அந்த ஒரு வாரம்தான் அங்கே வெயில் தணிந்து காற்று நன்றாக இருக்கிற சமயம், நமக்கென்றே அமைந்த மாதிரி. அரையாண்டு லீவும் நல்லது, ஒரு ஸ்வெட்டர் போதும்.

விமானத்துக்குக் கோவையிலிருந்தே சிங்கப்பூர் போய் மாறிக்கொள்ளலாம், அங்கிருந்து நாலு மணி நேரம். ஆனால் கடைசி வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் பெட்டியை வாங்கி மறுபடி போட வேண்டிவரும், அதற்கு சிங்கப்பூர் விசா கேட்பார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் பத்திரிகையை நம்பிப் பணம் கட்டுகிறவர்கள் எங்கள் ஊரில் நிறையப் பேர். பேக்கேஜ் விளம்பரங்கள் வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதே பக்கத்தில் இந்த முன்பதிவு இலவசம் என்பதையும், புயல் மாதங்கள் எவை என்பதையும் நாலு வரி பெரிய எழுத்தில் போடுங்கள். தீபாவளிக்கு முன்னால் வருகிற ஞாயிறு இணைப்பிலேயே போட்டால் இந்த வருசம் கிளம்புகிறவர்களுக்கு உதவும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அனுப்பர்பாளையம், திருப்பூர்.