சூடான்: இரு தளபதிகளின் பகை மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சூடான் போர் பற்றிய செய்திகளில் ராணுவத் தளபதி ஜெனரல் புர்ஹானும், அதிவிரைவு ஆதரவுப் படை என்ற துணை ராணுவத்தின் தலைவர் ‘ஹெமெத்தி’ எனப்படும் முகமது ஹம்தான் தகாலோவும் ஜென்மப் பகைவர்களாகவே காட்டப்படுகிறார்கள். 2021 அக்டோபர் 25 அன்று பிரதமர் ஹம்தோக்கைக் காவலில் வைத்து இடைக்கால அரசைக் கவிழ்த்தபோது இருவரும் ஒரே அணியில்தான் நின்றார்கள்.

மேற்கு சூடானின் டார்ஃபூர் பகுதியில் எழுந்த கிளர்ச்சியை ஒடுக்க ஜன்ஜாவீத் ஆயுதக் குழுக்களை ஏவிய அதிபர் பஷீர், 2013-இல் அவர்களைக் கொண்டே அதிவிரைவு ஆதரவுப் படையை அமைத்தார்; ராணுவம் தம்மைக் கவிழ்க்காமல் தடுக்க இன்னொரு படை என்பது அவர் போட்ட கணக்கு. 2019 ஏப்ரலில் இரண்டுமே அவரைக் கைவிட்டன. பிறகு, அந்தப் படையை ராணுவத்தோடு இணைக்க இரண்டு ஆண்டுகள் போதும் என்றது ராணுவம். பத்து ஆண்டுகள் வேண்டும் என்றார் தகாலோ. இணைந்துவிட்டால் தனிக் கட்டளை அதிகாரமும், தங்க வணிகத்துக்கான படைபலமும் அவர் கையைவிட்டுப் போய்விடும் அல்லவா? இந்த இழுபறிதான் 2023 ஏப்ரல் 15 அன்று தலைநகர் கார்ட்டூமில் பீரங்கிச் சண்டையாக வெடித்தது.

‘ஆபரேஷன் காவேரி’ மூலம் இந்தியர்கள் மீட்கப்பட்டதோடு நம் அக்கறையும் வடிந்துவிட்டது. ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வீடிழந்துள்ளனர். ஓராண்டுக்கும் மேலான முற்றுகைக்குப் பின் 2025 அக்டோபரில் டார்ஃபூரின் எல் ஃபாஷர் நகரம் தகாலோவின் படையிடம் வீழ்ந்தது. பஷீருக்கு எதிராகத் தெருவில் இறங்கி, இன்று குண்டுமழைக்கிடையே பொதுச் சமையற்கூடங்கள் நடத்திவரும் இளைஞர்களைப் பற்றியும் தாங்கள் ஒரு கட்டுரை வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், திருச்சி