முதலில் சிப், பிறகுதான் ஊசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வெளிநாட்டுக்குக் குடிபோவது எங்கள் கீழக்கரைக்குப் புதிதல்ல. பூனையோடு போவதுதான் புதிது. ஜெர்மனியில் மகன் வீட்டோடு தங்கப் போகிறேன். எங்கள் பூனைக்கு உள்ளூரில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி, சிப் பொருத்திய பிறகு போட்ட ஊசிதான் செல்லும். ஆக, மறுபடி ஊசி. அதன்பின் 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அவர்கள் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்புச் சக்தி மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருந்தாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். எனக்கு விசாவே வந்துவிட்டது, பூனைக்கு இன்னும் நாள் ஆகவில்லை! பழகட்டும் என்று வாங்கி வைத்த கூண்டைக் கண்டாலே அது அரிசி மூட்டைக்குப் பின்னால் பதுங்கிக்கொள்கிறது.

சாமான்களில் இவ்வளவு தலைவலி இல்லை. உப்புக்காற்றில் துருவேறிய பீரோவைக் கப்பலேற்றும் ஆசை எனக்கில்லை. சில பெட்டிகள் மட்டும் தூத்துக்குடி வழியாகப் போகின்றன. கருவாடு 20 கிலோ வரை கையோடு கொண்டுபோகலாம், நெய்க்குத்தான் தடை.

மாவட்டத்தின் கால்நடை மருத்துவமனைகளில் சிப் பொருத்தும் வசதி வேண்டும். அதுவரை, எது முதலில் எது பிறகு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டவாவது செய்யலாமே?

இப்படிக்கு,
ஒரு வாசகி, கீழக்கரை