கல்லறைச் சுவரும் மூன்றாம் பத்தியும்: தமிழக ஆயர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவில் அன்பார்ந்த ஆயர் பெருமக்களுக்கும், பங்குத்தந்தையருக்கும், பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

ஆண்டுதோறும் ஆகஸ்டு 10 வந்தால் கறுப்புக் கொடி ஏற்றுகிறோம். 1950-இல் அதே நாளில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த பட்டியல் சாதிகள் ஆணையின் மூன்றாம் பத்தியை நீக்கச் சொல்லி ஊர்வலம் போகிறோம். இந்து அல்லாத எவரையும் பட்டியல் சாதியினராகக் கருதக் கூடாது என்று எழுதப்பட்ட அந்தப் பத்தி, 1956-இல் சீக்கியருக்கும் 1990-இல் பௌத்தருக்கும் வழிவிட்டது. கிறித்தவருக்கும் இஸ்லாமியருக்கும் இன்றுவரை கதவு அடைத்தே கிடக்கிறது. கோரிக்கை நியாயமானது. அதில் எங்களுக்குத் துளியும் ஐயமில்லை. ஆனால் நம் வழக்கின் பலவீனம் டெல்லியில் இல்லை, சாதி பார்த்துப் பிரித்துவைத்திருக்கும் நம் கல்லறைத் தோட்டங்களில் இருக்கிறது. சட்டத்தையும் பங்குகளின் (ஊர்க்கோவில் சபைகளின்) நிர்வாகத்தையும் அருகிருந்து அறிந்த பொதுநிலையினர் (குருக்கள் அல்லாத விசுவாசிகள்) சிலர் சேர்ந்து இம்மடலை எழுதுவது அதனால்தான்.

அந்தப் பத்தி ஒரு மனிதரின் மனச்சாட்சிக்கு என்ன விலை வைக்கிறது என்பதை நம் மேடைகளில் பொத்தாம்பொதுவாகவே சொல்லிக் கடக்கிறோம். ஒரே தெருவில் அண்ணன் தம்பி இருவர். தம்பி திருமுழுக்குப் பெறுகிறார். தமிழ்நாட்டில் அவருடைய சான்றிதழ் பட்டியல் சாதியிலிருந்து பிற்படுத்தப்பட்டோருக்கு மாறும். மாநில அரசு அவர் பிள்ளைகளை 'மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிடர்' என்று தனியாகக் குறித்துக் கல்வி உதவித்தொகை தருகிறது. அதாவது, மதம் மாறினாலும் சாதி ஒட்டிக்கொண்டே வருகிறது என்பது மாநில அரசின் படிவத்திலேயே இருக்கிறது. வேலை என்று வந்தால் கதை வேறு. குடிமைப் பணித் தேர்வை அண்ணன் மகன் 37 வயது வரை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்; தம்பி மகனுக்கு 35 வயது, ஒன்பது முறை. தமிழகச் சட்டமன்றத்தின் 44 தனித் தொகுதிகளில் எதிலும் தம்பி நிற்க முடியாது. ஒரே கும்பல் இரு வீட்டையும் கொளுத்தினால், 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அண்ணனுக்கு வழக்கும் நிவாரணமும் உண்டு. தம்பி வீட்டுக்குச் சாதாரணத் தீவைப்பு வழக்குதான். அரசியலமைப்பின் 25-ஆம் பிரிவு எந்த மதத்தையும் தழுவும் உரிமையைத் தருகிறது. மூன்றாம் பத்தி அந்த உரிமையைப் பறிக்கவில்லை. அதற்கு ஒரு கட்டணம் வைத்து, அந்தக் கட்டணத்தை தலித் மக்களிடம் மட்டும் வசூலிக்கிறது.

2002-இல் தமிழ்நாட்டில் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது நாம் எதிர்த்ததும் இதே அடிப்படையில்தான். பொதுவாக மூன்றாண்டு சிறை என்ற அச்சட்டம், மதம் மாற்றப்பட்டவர் பெண்ணாகவோ சிறாராகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் நான்காண்டு என்றது. தலித் ஒருவர் தானாக யோசித்து ஒரு மதத்தைத் தேர்ந்துகொள்ள மாட்டார் என்ற எண்ணம் அந்த ஓராண்டு வித்தியாசத்துக்குள் இருந்தது. அவர்களுடைய மனச்சாட்சி முழுமையானது என்று அன்று வாதிட்டோம். சரியாகவே வாதிட்டோம்.

இனி, அதிகம் பேசப்படாத ஒரு சட்ட நுணுக்கம். 1955-ஆம் ஆண்டு குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் எல்லா மதத்தினருக்கும் பொருந்தும். வழிபாட்டிடத்தில் நுழைய விடாமல் தடுப்பதை அதன் மூன்றாம் பிரிவும், இடுகாட்டைப் பயன்படுத்த விடாமல் தடுப்பதை நான்காம் பிரிவும் குற்றமாக்குகின்றன. பன்னிரண்டாம் பிரிவோ, பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், தீண்டாமை காரணமாகவே குற்றம் நடந்ததாக நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. அந்த அனுமானம் தலித் கிறித்தவருக்குக் கிடைக்காது. தன் பங்கின் கல்லறையில் இடம் மறுக்கப்பட்டால், காரணம் தீண்டாமைதான் என்பதை அவரே முதலிலிருந்து நிறுவ வேண்டும். மூன்றாம் பத்தி இப்படிச் சத்தமில்லாமல் ஒரு தரப்புக்கு உதவிக்கொண்டிருக்கிறது: திருச்சபைக்குள் சாதி பார்ப்பவர்களுக்கு. அந்தப் பத்தி நீங்காமல் இருப்பதில் நம்மிடையே சிலருக்கு வசதி இருக்கிறது என்பதை ஆயர்கள் வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும்.

அடுத்து 1985-இன் சூசை வழக்கு. சென்னைச் சாலையோரத்தில் செருப்புத் தைத்துவந்த அவருக்கு, பட்டியல் சாதித் தொழிலாளர்களுக்கான இலவசப் பெட்டிக்கடை கிறித்தவர் என்பதால் மறுக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மதம் மாறிய பிறகும் சாதி தொடர்கிறது என்று காட்டினால் போதாது, அதன் கொடுமை அதே கடுமையோடு புதிய சமூகத்திலும் தொடர்கிறது என்பதற்கு விரிவான, நம்பத்தக்க ஆய்வு வேண்டும், அது தங்கள் முன் வைக்கப்படவில்லை என்றது. மூன்றாம் பத்தியை எதிர்த்து 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கில், 2022 நவம்பரில் ஒன்றிய அரசு தாக்கல் செய்த பிரமாணப் பத்திரமும் அதே இடத்தில்தான் நிற்கிறது: கிறித்தவ, இஸ்லாமியச் சமூகங்களில் தீண்டாமை அந்தக் கடுமையில் இல்லை என்கிறது. பத்தியை நீக்கலாம் என்ற 2007-ஆம் ஆண்டு ரங்கநாத் மிஸ்ரா ஆணையப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 2022 அக்டோபரில் நீதியரசர் கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் அமைத்த ஆணையத்திடம் கேட்டதும் இதைத்தான்: மதம் மாறியவரின் நிலையில், பழக்கவழக்கத்தில், அவர் படும் பாகுபாட்டில் என்ன மாறுகிறது?

ஆக, நாற்பதாண்டாக நீதிமன்றமும் அரசும் சாட்சியம் கேட்கின்றன. சாட்சியம் உங்கள் பங்குகளில் இருக்கிறது. அதை மறைப்பதும் நாம்தான்.

டெல்லியில் நம் தலைவர்கள் "எங்களுக்குள்ளும் சாதி இருக்கிறது" என்கிறார்கள். ஊரில் ஒருவர் அதையே சொன்னால் பங்கின் பெயரைக் கெடுக்கிறார் என்கிறார்கள். இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமையைப் பாவம் என்று பெயரிட்டே சொன்னது. 2003-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், தம்மைக் காணச் சென்ற தமிழக ஆயர்களிடம், சாதிப் பாகுபாட்டின் சாயலே கிறித்தவரிடையே இருக்கக் கூடாது என்றார். ஆவணங்களுக்குக் குறையில்லை. 1745-இல் புதுச்சேரி சம்பாக் கோவிலில் தலித் மக்களைப் பிரித்து நின்ற சுவரைப் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார். 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர் தனிப் பங்கு கேட்டதையொட்டி மூண்ட கலவரத்தில் காவல்துறை சுட்டு இருவர் இறந்தனர். திருச்சி மாவட்டத்துக் கோட்டப்பாளையம் பங்கின் தலித் மக்கள் பாகுபாட்டை எதிர்த்து 2025-இல் உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டும் நிலைக்கு வந்தார்கள். தனிக் கல்லறை, தலித் தெருவுக்குள் திரும்பாத தேர், அவர்களிடம் வாங்க மறுக்கும் திருவிழா வரி எல்லாம் ஊரறிந்தவை. வரி வாங்காததைச் சலுகை என்று எண்ணிவிட வேண்டாம். வரி கொடுக்காதவருக்கு மண்டகப்படி இல்லை, கணக்குக் கேட்கும் உரிமை இல்லை, நாளடைவில் அவர் பங்கைச் சேர்ந்தவரே இல்லை.

எனவே முதல் வேண்டுகோள் ஒரு கணக்கெடுப்பு. ஒவ்வொரு பங்கும் ஒரு தாளில் எழுதட்டும்: கல்லறை எத்தனை இடத்தில், இடையே சுவரா வேலியா, எப்போது எழுந்தது, கடந்த பத்தாண்டில் ஒவ்வொரு பகுதியிலும் எத்தனை அடக்கம், சவ வண்டி ஒன்றா இரண்டா, தேர் எந்தத் தெருக்களை விடுகிறது, வரி யாரிடம் வாங்குவதில்லை, பங்குப் பேரவையிலும் நிதிக்குழுவிலும் யார் யார். பாதி விவரம் இறப்புப் பதிவேட்டிலேயே கிடைக்கும். இத்தகைய கணக்கெடுப்பு எங்கே கெடும் என்றால், திருப்பலி முடிந்ததும் எல்லாரையும் கோவிலில் உட்காரவைத்துக் கேட்கும்போது. யாருடைய வயலில் நாளை கூலிக்குப் போகவேண்டுமோ அவர் எதிரே உட்கார்ந்திருக்க, யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கேட்பவர் வெளிப்பங்கைச் சேர்ந்தவராக இருக்கட்டும். தலித் தெருவுக்கே போய்க் கேட்கட்டும். பங்குத்தந்தையோடு அத்தெருவினர் இருவரும் கையொப்பமிடட்டும். திருச்சபைச் சட்டம் 396-இன்படி ஐந்தாண்டுக்குள் மறைமாவட்டம் முழுவதையும் ஆயர் சந்தித்தாக வேண்டும். அந்தச் சந்திப்பில் கல்லறைத் தோட்டத்தையும் நடந்து பாருங்கள். தாள்களைத் தொகுத்து ஆயரே பிரமாணப் பத்திரமாக நீதிமன்றத்தில் வைக்க வேண்டும். அவமானமாக இருக்கும். இருக்கத்தான் வேண்டும்.

இரண்டாவது, கல்லறையை ஒன்றாக்குவது. சுவரை இடிப்பதில் தொடங்காதீர்கள், தாலுகா அலுவலகத்தில் தொடங்குங்கள். பட்டா, அ-பதிவேட்டு நகல், புல வரைபடம் மூன்றையும் வாங்கிப் பாருங்கள். பல இடங்களில் நிலம் மறைமாவட்டத்தின் பெயரில் இருப்பதில்லை. மயானப் புறம்போக்காக இருந்தால் அங்கே சாதி பார்த்துப் பிரிக்க எவருக்கும் உரிமை கிடையாது. வட்டாட்சியரிடம் எழுத்தில் கேளுங்கள். மறைமாவட்டச் சொத்தென்றால் ஆயரின் ஆணை போதும். ஒரு சாதியின் ஊர்ப்பொதுப் பெயரில் இருந்தால் உங்கள் ஆணை அங்கே செல்லாது. அப்போது புது இடம் வேண்டும். குடியிருப்பிலிருந்தும் குடிநீர் ஆதாரத்திலிருந்தும் 90 மீட்டர் தள்ளி, ஊராட்சியின் உரிமத்தோடு. பழைய தனி இடத்தை இனி மந்திரிப்பதில்லை (ஆசீர்வதிப்பதில்லை) என்றும் அறிவிக்கலாம். குடும்பங்களும் அமைப்புகளும் வைத்துக்கொள்ளும் தனிக் கல்லறைகளை மந்திரிப்பதா வேண்டாமா என்பதைத் திருச்சபைச் சட்டம் 1241 ஆயரின் முடிவுக்கே விட்டிருக்கிறது.

அடக்கம் வரிசை முறையில் நடக்கட்டும். ஆணையில் ஒரு தேதி இருக்கட்டும். அன்றுமுதல் யார் இறந்தாலும் அடுத்த குழி. பதிவேட்டில் வரிசை எண், குழி எண். கட்டுக் கல்லறைக்கு இனி அனுமதி இல்லை, ஏனென்றால் சுவர் போன பிறகு பிரிவினை அதன் வழியாகத்தான் திரும்பி வரும். குடும்ப இடம் என்று நாலு கல்லறையைக் கட்டி வளைத்துவிட்டால் அதுவே வேலி. வரிசை இதுவரை யாரையும் புதைக்காத புதுப் பகுதியில் தொடங்கட்டும். ஏற்கெனவே ஒரு சாதி தன்னுடையது என்று நினைக்கும் மண்ணில் முதல் குழி தலித் குடும்பத்துடையதாக அமைந்தால், துக்க வீட்டார் பிணத்தை வைத்துக்கொண்டு அடி வாங்க நேரும். வரிசை ஓடத் தொடங்கிய சில மாதங்களில் சுவரை எடுங்கள்.

எதிர்ப்பு எப்படி வரும் என்பதும் தெரிந்த கதைதான். வரி நிற்கும், கோவிலுக்குப் பூட்டு விழும், மனு கோட்டாட்சியரிடம் போகும். அவர் அமைதிக் கூட்டம் கூட்டுவார். "மறு உத்தரவு வரும்வரை தற்போதைய நிலை தொடரட்டும்" என்ற தாளில் பங்குத்தந்தை கையெழுத்துப் போடுவார். தற்போதைய நிலை என்பது தனிக் கல்லறை! அந்த ஒரு வரியோடு தீண்டாமைக்கு அரசுமுத்திரை கிடைத்துவிடுகிறது. அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். கூட்டத்துக்குப் போகும்போதே ஆயரின் ஆணையையும் 1955 சட்டத்தின் நான்காம் பிரிவையும் எழுத்தில் கொடுங்கள். அடுத்த மே மாதம் அந்தக் குருவானவரை மாற்றாதீர்கள். குறைந்தது இரண்டாண்டு அங்கேயே இருக்கட்டும். எதிர்ப்பவர்கள் எண்ணுவது பெரும்பாலும் மாற்றல் வரை உள்ள மாதங்களைத்தான். அன்றாடத் திருப்பலியை நிறுத்தித் தண்டிக்கவும் வேண்டாம், அது இரு தரப்பையும் பட்டினி போடுவது. எல்லாத் தெருவுக்கும் தேர் போகாத திருவிழாவுக்குக் கொடியை மந்திரிக்காதீர்கள். அது உறைக்கும்.

மூன்றாவது, திருமுழுக்குப் பதிவேடு. "சாமி, சான்றிதழ் போய்விடும், ஏட்டில் எழுதாதீங்க" என்று கேட்கும் குடும்பங்கள் ஏராளம். அவர்களை ஏமாற்றுக்காரர் என்று பேசுவோரோடு எங்களுக்கு உடன்பாடில்லை. பிள்ளைக்கு வேலையா விசுவாசமா என்று அவர்களை நிறுத்தியது அரசு. ஆனால் பதிவேட்டைத் திருத்துவதும், எழுதாமல் விடுவதும், இரண்டு பெயர் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுப்பதும் நம் வேலையல்ல. 2024 நவம்பர் 26 அன்று, பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில், சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசியலமைப்பின்மீதான மோசடி என்றது உச்ச நீதிமன்றம். அங்கே அவருடைய திருமுழுக்குப் பதிவே சான்றாக நின்றது. தாய்மதம் திரும்பியதாகச் சொல்பவர், தன் பூர்வீகச் சாதியையும், உண்மையில் திரும்பியதையும், அச்சமூகம் தன்னை ஏற்றுக்கொண்டதையும் நிறுவ வேண்டும் என்று 2015 தீர்ப்பொன்று வகுத்திருக்கிறது. இதையெல்லாம் திருமுழுக்குக்கு முன்பே பெற்றோரிடம் விளக்கிச் சொல்லுங்கள். முடிவு அவர்களுடையது.

இந்துத் தலித் மக்களின் அச்சத்துக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். தமிழ்நாட்டின் 69 விழுக்காடு இடஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினருக்கு 18. அதே பதினெட்டுக்குள் இன்னும் சிலரைச் சேர்த்தால் அவர்கள் பங்கு சுருங்கும் என்பது வெறும் கணக்கு, வெறுப்பல்ல. மக்கள்தொகைக்கேற்ப விழுக்காட்டையும் கூட்டு என்பதை நம் கோரிக்கையின் முதல் வரியாக்க வேண்டும். 2023 ஏப்ரல் 19 அன்று தமிழகச் சட்டமன்றம் நமக்காகத் தீர்மானம் போட்டது. அதைக் கொண்டாடிய மேடைகளில் இந்த ஒரு வரியைக் கேட்க முடியவில்லை.

பீடத்தில் காணிக்கை வைக்க வந்தவனுக்குத் தன்மேல் மனத்தாங்கல் கொண்ட சகோதரன் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டுவிட்டுப் போய் முதலில் நல்லுறவு ஏற்படுத்திக்கொள் என்கிறார் ஆண்டவர். டெல்லிக்கு எடுத்துச்செல்லும் மனுவும் காணிக்கைதான்.

இம்மடலுக்குப் பதில் எழுத விரும்பினால் எங்களுக்கு எழுத வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலியில் எல்லாப் பங்குகளிலும் வாசிக்கும்படி ஒரு சுற்றுமடலாக எழுதுங்கள். அதில் வரிசை அடக்கம் தொடங்கும் தேதி இருக்கட்டும்.

கிறிஸ்துவில்,
தமிழகப் பொதுநிலையினர் சிலர்