ஏப்ரலில் ஏரிக்குப் போகும் மகளுக்கு

அன்பு மகளே,

வேலை உன்னை மறுபடி மிச்சிகனுக்கே கொண்டுபோய்ச் சேர்த்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. சனிக்கிழமை செயின்ட் கிளேர் ஏரியில் மீன் பிடிக்கக் கயாக்கை, அந்தச் சிறு துடுப்புப் படகை, இறக்கப்போவதாகச் சொன்னாய். வெயில் சுள்ளென்று அடித்தாலும், இந்த மாதத்தில் தண்ணீர் 40, 45 டிகிரி ஃபாரன்ஹீட்டில்தான் இருக்கும். விழுந்தால், நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் சில நிமிடங்களில் கை மரத்துவிடும். லைஃப் ஜாக்கெட்டைக் காலடியில் போட்டுவைக்காமல் உடம்பில் மாட்டிக்கொள். தனியாகப் போகாதே.

விடியற்காலையில் எழுந்து ஓடவும் வேண்டாம். ஏரியின் சராசரி ஆழமே 11 அடிதான்; ஹியூரான் ஏரியின் குளிர்நீர் ஆற்றுவழியாக வந்து விழும் இடத்தை விட்டுத் தள்ளி, காற்று மறைவான குடாவில் பிற்பகல்வரை வெயில் ஏறட்டும். ஓரிரு டிகிரி கூடினாலே நீ பிடிக்கப்போகும் ஸ்மால்மவுத் பாஸ் மீன் அசையத் தொடங்கும்.

அப்போதும் அது இரையைத் துரத்தாது. ஜெர்க்பெய்ட் என்னும் போலி மீனை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துவிட்டு நிறுத்து. மனதுக்குள் பதினைந்து எண்ணும்வரை கையை அசைக்காதே. போலி மீன் நீரின் நடுவே அப்படியே நிற்கும்போதுதான் வந்து கவ்வும். பெரிய இழுப்பாக இருக்காது. ஈரத்துணி சிக்கியதுபோலத் தூண்டில் நரம்பு லேசாகக் கனக்கும். பெரும்பாலானவர்கள் ஐந்து எண்ணுவதற்குள் பொறுமை இழந்துவிடுகிறார்கள்.

மே மாதம் தண்ணீர் 60 டிகிரியை நெருங்கும்போது, ஆண் மீன் வாலால் சரளையைத் துடைத்துக் கூடு அமைக்கும். முட்டையிட்டதும் பெண் போய்விடும். குஞ்சுகள் பிரியும்வரை காவல் தகப்பனுடையது. 1990இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதன்முதலாகக் கண்ட கோபி மீன்கள் இன்று ஏரி முழுக்க இருக்கின்றன. பாஸ் கொழுப்பது அவற்றைத் தின்றுதான். ஆனால் காவல்காரன் சற்று நகர்ந்தால் போதும், முட்டைகளை அந்தக் கோபிகளே மொய்த்துத் தின்றுவிடும். உடனே விடுவித்துவிட்டால் பாஸைப் பிடிக்கலாம் என்கிறது சட்டம். மீனை வைத்துக்கொள்ளத்தான் ஜூன் மூன்றாவது சனிக்கிழமைவரை பொறுக்க வேண்டும். சட்டம் இடம் கொடுத்தாலும், தெளிந்த நீரில் வட்டமான வெளுத்த தரையின் மேல் ஒரு மீன் நிற்பதைப் பார்த்தால், தூண்டில் போடாமல் விலகிப் போய்விடு. இதை நான் உன்னிடம் கண்டிப்பாகவே கேட்கிறேன்.

பார்சலில் இரண்டு ஜெர்க்பெய்ட் வைத்திருக்கிறேன். தூண்டில் முட்களின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டேன். மீனைத் தண்ணீரிலேயே வைத்துக் கழற்றிவிடலாம்.

அன்புடன்,
அப்பா